தலைகளுக்குக் காய்ச்சல் கண்ட வருடம்

அருங்காட்சியகக் கடையில் விற்ற தலைகளுக்குக் காய்ச்சல் கண்டது, பள்ளிக்கூடங்கள் திறந்து பிள்ளைகளின் புத்தகங்களுக்கு அட்டை போட்டு முடித்திருந்த வாரத்தில். அந்த வாரம் சமையல் எரிவாயு வரத் தாமதமானது, மேம்பாலத்தின் ஒரு பக்கத்தை மூடி வேலை பார்த்தார்கள், மழை வருகிற மாதிரி இருந்து வராமல் போனது. முதலில் கவனித்தவர் யார் என்பதில் ஊருக்குள் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. ஆடிட்டர் வீட்டில் தூசி தட்டப்போன அவருடைய மாமியார், துணி வழியாகவே சூடு உறைத்துக் கையை இழுத்துக்கொண்டார் என்பது ஒரு கட்சி. அதற்கு முந்தின நாளே பல் டாக்டருடைய பூனை, தான் வழக்கமாகத் தூங்கும் சோபாவைக் கைவிட்டு, மேஜை மேலிருந்த தலையைச் சுற்றிப் படுத்துக்கொண்டு இறங்க மறுத்துவிட்டது என்பது இன்னொரு கட்சி. முறைப்படி சோதித்தவர் என்று பார்த்தால் குழந்தைகள் டாக்டர் ஒருவர்தான். தலைக்கு அக்குளும் கிடையாது, திறக்கிற வாயும் கிடையாது என்பதால், நெற்றிக்கு நேரே பிடித்துப் பார்க்கிற கருவியால் பார்த்தார். நூற்றிரண்டு காட்டியது. பழக்க தோஷத்தில் தொண்டையைப் பார்க்க டார்ச்சையும் எடுத்தவர், மனைவி கவனிப்பதைக் கண்டு அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

தலை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. அருங்காட்சியகத்தின் மாடியில், நவீனச் சிற்பங்கள் இருக்கும் கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் அதன் அசல் இருக்கிறது. முட்டையை இழுத்து நீட்டிய மாதிரி வெள்ளைக் கல்லில் ஒரு முகம். காது இல்லை, முடி இல்லை. கண் இருக்க வேண்டிய இடத்தில் கட்டைவிரலால் அழுத்திவிட்டது போல இரண்டு பள்ளம். கத்தி முனை மாதிரி மூக்கு. அதற்குக் கீழே, ஏதோ சொல்ல வந்து, சரி வேண்டாம் என்று விட்டுவிட்ட மாதிரி ஒரு சின்ன வாய். பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகள் முதலில் சிரிப்பார்கள், பிறகு காரணம் தெரியாமல் சத்தத்தைக் குறைத்துக்கொள்வார்கள். இதன் நகலைப் பாதி அளவில், கல் தூள் கலந்த ரெசினில் வார்த்து, அட்டைப் பெட்டியில் போட்டுக் கீழே கடையில் விற்றார்கள். கல்யாணத்துக்கு என்ன கொடுப்பது, பதவி ஓய்வு பெறுகிறவருக்கு என்ன கொடுப்பது என்று தெரியாதவர்கள் எல்லாரும் அதையே வாங்கினார்கள். ஆகவே ஊரில் தெருவுக்குப் பத்து வீட்டிலாவது அது இருந்தது. டி.வி. பக்கத்தில் இருந்தது, ஷூ அலமாரி மேல் இருந்தது, சில வீடுகளில் அதன் தலையில் தொப்பியும் ஹெல்மெட்டும் இருந்தன.

அவற்றை வார்த்தவள் அச்சுக்காரம்மா. அருங்காட்சியகத்தின் பின்பக்கத்தில், ஜெனரேட்டர் அறையை ஒட்டிய பட்டறையில், ரப்பர் அச்சுக்குள் ரெசினை ஊற்றி, இறுகும்வரை காத்திருந்து, அச்சை உரித்து எடுப்பது அவள் வேலை. தோலை உரித்து முகத்தை வெளியே எடுக்கிற மாதிரி இருக்கும் அது. அந்த ஊரில் அந்த வேலை தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்பதால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அவளுடைய கணவருக்கும் அப்படித்தான், சலூன்காரர் என்று பெயர். கடைத்தெரு முனையில் முப்பது வருடம் சலூன் வைத்திருந்தவர். கை லேசாக நடுங்கத் தொடங்கிய பிறகும் கொஞ்ச காலம் ஓட்டினார். ஒருநாள் பதிவாளர் அலுவலகத்துக் குமாஸ்தாவின் தொண்டையில் கத்தியை வைத்தவர், வைத்த கத்தியை எடுத்து மடித்து, “மீதியை வீட்டுல பார்த்துக்கங்க சார்” என்று துண்டை உதறினார். அன்றோடு கடையைச் சாத்திவிட்டார். வீட்டில் சும்மா இருந்து பார்த்தார், முடியவில்லை. மனைவியின் பட்டறைக்கு வந்து உட்கார்ந்தார். உப்புத்தாள் பிடிக்கிற வேலைக்குக் கை நடுக்கம் தடையாக இல்லை. சொல்லப்போனால் அந்த நடுக்கமே மெருகு ஏற்றியது.

அவர் தலைகளைக் கஸ்டமர்களாகவே நடத்தினார். தூசி படாமல் கழுத்தைச் சுற்றித் துண்டு கட்டினார். தாடைக்குக் கீழே இரண்டு விரலைக் கொடுத்து, “கொஞ்சம் நிமிருங்க” என்றார். அச்சின் இரண்டு பாதியும் சேர்கிற இடத்தில் விழும் கோட்டை முதலில் முரட்டுத் தாளிலும் பிறகு மெல்லிய தாளிலும் தேய்த்து அழித்துவிட்டு, கடைசியில் மெழுகை வெறும் உள்ளங்கையால் தடவினார். துணியால் தடவினால் போதும் என்று அச்சுக்காரம்மா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். “கைச்சூடு இல்லாம மெழுகு உள்ளே இறங்காதும்மா” என்பார். தடவிக்கொண்டே மேம்பாலத்தைப் பற்றி, தண்ணீர் வராததைப் பற்றி, தேர்தலைப் பற்றி அவற்றிடம் பேசுவார். முப்பது வருடத் தொழிலில் குறுக்கே பேசாத கஸ்டமர்களை இப்போதுதான் பார்ப்பதாகவும், இதற்காகவே முன்பே கடையை மூடியிருக்கலாம் என்றும் சொல்லுவார். இப்படி எட்டு வருடம் போனது. எத்தனை தலை என்று அவர்கள் எண்ணவில்லை.

அவருக்குக் காய்ச்சல் வந்ததும் அதே வாரம்தான். ஆனால் யாருக்குத்தான் காய்ச்சல் வரவில்லை என்று அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலையில் சுமாராக இருக்கும், மத்தியானத்துக்கு மேல் ஏறும். மாத்திரை போட்டால் வியர்த்து இறங்கும், மறுபடி ஏறும். வைரல் என்றார் முதல் டாக்டர். ரத்தத்தைச் சோதித்துவிட்டு வைரல் இல்லை என்றார் இரண்டாவது டாக்டர். மூன்றாவது டாக்டர் இது இன்னது என்று சொல்லாமல், என்னவெல்லாம் இல்லை என்பதை வரிசையாகச் சொன்னார். அவரை வீட்டில் படுக்க வைத்துவிட்டு அச்சுக்காரம்மா தனியாக வேலைக்குப் போய் வந்தாள். அங்கே தலைகள் திரும்பி வரத் தொடங்கியிருந்தன. கடையைப் பார்த்துக்கொண்ட பெண் ஒவ்வொன்றாகப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“அக்கா, ரெசின்ல ஏதாவது தப்பாயிடுச்சா? தொட முடியலை, சுடுதுன்னு சண்டைக்கு வர்றாங்க.”

ரெசின் சுடும், அது உண்மை. கெட்டிப்படுத்துகிற திரவத்தைக் கலந்ததும் ஒரு மணி நேரம் கொதிக்கிற மாதிரி சுடும், அதோடு சரி. விற்று ஐந்து வருடம் ஆன தலை இப்போது ஏன் சுட வேண்டும்? அச்சுக்காரம்மா ஒன்றை அறுத்துப் பார்த்தாள். உள்ளே வெளியே எல்லாம் ஒரே வெள்ளை. அறுத்த இரண்டு பாதியும் ஒரே மாதிரி சுட்டன. மற்றவற்றை அலமாரியில் அடுக்கினாள். அடுக்கும்போது இன்னொன்றைக் கவனித்தாள். அவர் பட்டறைக்கு வருவதற்கு முன்னால் அவள் தனியாகச் செய்த சில பழைய தலைகளும் மாதிரிக்காக அங்கே இருந்தன. அவை ஜில்லென்று இருந்தன.  நினைத்ததை நினைத்து முடிக்காமல் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மத்தியானம் ஏறுகிறது, காலையில் இறங்குகிறது என்பதை அலமாரியைக் கடந்து போகும்போதெல்லாம் கை தானாகத் தெரிந்துகொண்டது. மூன்றாவது நாள், ஒரு தலையைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, மடியில் வைத்தபடி பஸ்ஸில் வீட்டுக்கு வந்தாள். கட்டிலில் அவர் பக்கத்தில் வைத்து, ஒரு கையை அவர் நெற்றியிலும் இன்னொரு கையை அதன் நெற்றியிலும் வைத்தாள். பிறகு மாத்திரையைக் கொடுத்துவிட்டு, மறுபடி அதேபோல் கைகளை வைத்து, அது வேலை செய்யும்வரை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். இரண்டு நெற்றியும் சேர்ந்தே இறங்கின. ஒன்றில் வியர்த்தது, மற்றதில் வியர்க்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சலூன்காரர் தலையைத் திருப்பி, பக்கத்துத் தலையணையில் இருந்த முகத்தைப் பார்த்தார்.

“இவருக்கும் முடியலையா?”

“எல்லாருக்கும்தான். நீங்க மெழுகு போட்ட எல்லாத்துக்கும்.”

 “அடப்பாவமே,” என்றார். “கஸ்டமருக்கு நம்மளால கஷ்டம்.”

அருங்காட்சியகத்தின் காப்பாட்சியர் நல்ல மனிதர். விஷயத்தை மறைக்கவும் இல்லை, ஊதவும் இல்லை. மூன்று தலைகளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். பொருளில் குறையில்லை, சூட்டுக்குக் காரணம் பொருளில் இல்லை என்று பதில் வந்தது. அச்சுக்காரம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டார். அவள் உள்ளதைச் சொன்னாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். “இதை மேலிடத்துக்கு என்னன்னும்மா எழுதறது?” என்றார்.  கடைசியில், தலைகள் பராமரிப்பில் உள்ளன என்று எழுதி அனுப்பினார். அவளைப் புதிதாகச் சில தலைகள் வார்க்கச் சொல்லி, மெழுகு போட வேறு ஆளை வைத்துப் பார்த்தார்கள். அவை சுடவில்லை. சூடான தலையைத் திருப்பிக் கொடுத்தால் ஆறின தலை ஒன்று மாற்றித் தரப்படும் என்று கடை வாசலில் ஒரு பலகை வைத்தார்கள். முதலில் கொஞ்சம் பேர் மாற்றிக்கொண்டு போனார்கள். அதற்குள் காய்ச்சல் யாருடையது என்பது ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. அதன் பிறகு யாரும் மாற்ற வரவில்லை. மாற்றிக்கொண்டு போனவர்களிலும் இரண்டு மூன்று பேர் தலை குனிந்தபடி வந்து பழையதையே கேட்டு வாங்கிப் போனார்கள்.

தொலைவில், ஒரு பகல் முழுக்க ரயிலில் போக வேண்டிய ஊரில், அவர்களுடைய ஒரே மகள் இருந்தாள். முதல் பிள்ளை, மூன்றாவது மாதம். கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் அவளுக்கு எதையும் சொல்லுவதில்லை என்று புருஷனும் மனைவியும் முடிவு செய்திருந்தார்கள். தினமும் மத்தியானம் அவள் போன் செய்வாள். அச்சுக்காரம்மா சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவாள்.

“அப்பா எங்கே?”

“வெளியே போயிருக்காருடி.”

“வெளியேன்னா?”

“சும்மா, காத்தாட.”

 பிறகு மகள் மெதுவாகச் சொன்னாள்: “அம்மா, கல்யாணத்துக்கு நீங்க குடுத்த தலை என் கட்டில் பக்கத்துல இருக்கு. நாலு நாளா அதைத் தொட்டுட்டுத்தான் உனக்குப் போன் பண்றேன். நீ என்ன சொல்றேன்னு பார்க்கத்தான்.”

அச்சுக்காரம்மா அடுப்பை அணைத்தாள்.

“சின்ன வயசுல எனக்குத் தலை துவட்டி விடுவாரே, அந்தக் கை மாதிரியே இருக்கும்மா. ஆனா சுடுது. இப்பக்கூட ஏறிட்டுத்தான் இருக்கு. என்ன சொல்றாங்க டாக்டர்?”

“ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்கடி.”

“நான் வரட்டுமா?”

“எப்படி வருவே?”

“வர முடியாதுன்னு தெரியும். கேக்கணும்னு தோணுச்சு, கேட்டேன்.”

 போனை வைத்துவிட இரண்டு பேருக்கும் மனமில்லை. ஒருத்தி மூச்சு விடுவது இன்னொருத்திக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. பக்கத்து அறையிலிருந்து சலூன்காரர் இருமினார். காற்றாடப் போனவர் இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டாரே என்றாள் மகள். இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு நடுவிலேயே வேறு மாதிரி ஆகிவிட்டது.

அந்த வருடம் ஊரில் காய்ச்சலை வெயில் மழையைப் போலப் பேசினார்கள். பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கொடுக்கும்போது, காலையில் கொஞ்சம் தேவலை போலிருக்கிறதே என்பார். வங்கியில் வரிசையில் நிற்பவர், இல்லை சார், பத்து மணிக்கே ஏறிவிட்டது என்பார். ஒவ்வொரு வீட்டிலும் தங்களுக்குத் தோன்றியதைச் செய்து பார்த்தார்கள். நெற்றியில் ஈரத்துணி போட்டார்கள். மின்விசிறிக்குக் கீழே வைத்தார்கள். ஆடிட்டர் வீட்டில் ஃப்ரிட்ஜுக்குள் வைத்ததில் ஐஸ் எல்லாம் உருகிக் கூடம் முழுக்கத் தண்ணீர் ஓடியது. எதுவும் சலூன்காரர் வரைக்கும் போய்ச் சேரவில்லை. சூடு அவரிடமிருந்து வந்ததே தவிர, இங்கிருந்து எதையும் அங்கே அனுப்ப வழியில்லை. புதிதாகக் கல்யாணமான ஒரு தம்பதி, பயத்தில் தங்கள் தலையைச் சுத்தியலால் உடைத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார்கள். துண்டு துண்டாகச் சுட்டுத் தொட்டியின் பிளாஸ்டிக் இளகியது. அதைப் பொறுக்கி எடுத்து ஒட்டவைத்துக்கொண்டு அவரைப் பார்க்க வந்தார்கள். அந்தப் பெண் வாசலிலேயே நின்றுகொண்டு, “உங்களுக்கு எங்கேயாவது வலிச்சுதுங்களா?” என்று கேட்டாள். “இல்லம்மா, பழைய தலைவலி மட்டும்தான்” என்றார் அவர். ஒருவர் ஏரியில் எறிந்தார். எறிந்த இடத்தில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்ததால் வாத்துகள் வந்து கூடின.

திட்ட வந்தவர்களும் உண்டு. பள்ளி வேன் ஓட்டுகிற ஒரு பெண்மணி, சாவிக்கொத்தைக் கையில் பிடித்தபடியே உள்ளே வந்தாள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், இது இப்படிக் கொதித்தால் அவர்கள் சாப்பிட உட்கார மாட்டேன் என்கிறார்கள், அந்த அங்கிளுக்கு இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டு உயிரை வாங்குகிறார்கள், நான் என்ன பதில் சொல்ல என்றாள். “எப்பத்தாங்க சரியாகும் இவருக்கு?” என்றாள். கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்கிறோம் என்பது அவளுக்குப் புரிந்தது. அச்சுக்காரம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். வந்தவள் உட்கார்ந்தாள். அவள் கோபம் போன இடம் தெரியவில்லை, வேறொன்றும் அந்த இடத்துக்கு வரவுமில்லை. வேன் எடுக்கிற நேரம் வரும்வரை மூன்று பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதன் பிறகு நிறையப் பேர் அப்படி வந்தார்கள். என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்கள், ஒன்றும் செய்ய வேண்டாம் என்ற பதிலைக் கேட்டுக்கொண்டு போனார்கள். பழைய கஸ்டமர்கள் வந்து அவருக்கு முகச்சவரம் செய்துவிட்டார்கள். பதிவாளர் அலுவலகத்துக் குமாஸ்தா செய்தபோது அவருக்கும் கை நடுங்கியது.

மழை ஓய்ந்த மாதத்தில் அவரைப் பெரிய ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். உள்ளே யாரையும் விடுவதில்லை. காலையில் ஐந்து நிமிடம், சாயங்காலம் ஐந்து நிமிடம், கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். மற்ற நேரத்தில் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அச்சுக்காரம்மா மட்டும் மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டு, அதற்குள் கையை விட்டபடி இருந்தாள். முதல் நாள் காவலாளி பையில் என்ன என்று கேட்டார். காட்டினாள். அவர் தொட்டுப் பார்த்துவிட்டு பெஞ்சின் ஓரத்தில், மின்விசிறி படாத இடமாக அவளுக்கு ஒதுக்கிக் கொடுத்தார். நர்சுகள் வேலை முடிந்து போகும்போது, “இப்ப எப்படிம்மா இருக்காரு?” என்று அவளிடம் கேட்டுவிட்டுப் போனார்கள். உள்ளே இருந்து வருகிறவர்கள் வெளியே இருப்பவளிடம் கேட்பதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்கள் குழம்பினார்கள். தங்கள் மனிதர்களுக்கும் இப்படி ஒன்று இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றார் ஒருவர். அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். இருப்பது எதற்கு உதவும் என்று கேட்கத் தோன்றியது. பையை மடியில் சரிசெய்துகொண்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு வண்டி தாழ்வாரத்தில் போய்க்கொண்டிருக்கும்போது, அவள் கைக்குக் கீழே சூடு இறங்கத் தொடங்கியது. மாத்திரைக்கு இறங்குகிற மாதிரி திடீரென்று இல்லை. குளிக்கிற தண்ணீரைப் பதமாக விளாவுகிற மாதிரி மெதுவாக, சீராக இறங்கியது. அவள் கையை மாற்றி வைத்துப் பார்த்தாள். புறங்கையால் பார்த்தாள். தலையைப் பையிலிருந்து வெளியே எடுத்துத் தன் கன்னத்தோடு வைத்துக்கொண்டாள். சாதாரணச் சூடு. தூங்கி எழுந்த மனிதனுடைய சூடு. இத்தனை மாதத்தில் ஒருநாள்கூட இங்கே வந்து நின்றதில்லை. “குறைஞ்சிருச்சுங்க” என்றாள் காவலாளியிடம். அவர் ஓடி வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, பெஞ்சில் இருந்தவர்களுக்கெல்லாம் சொன்னார். யார் எவர் என்று தெரியாதவர்கள் எழுந்து வந்து ஆளுக்கொரு தடவை தொட்டார்கள். அதற்குள் ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. குழந்தைகள் டாக்டர் தன் வீட்டுத் தலையைச் சோதித்து, தொண்ணூற்றெட்டுப் புள்ளி நான்கு என்று எல்லாருக்கும் செய்தி அனுப்பினார். கடையைப் பார்த்துக்கொண்ட பெண் கல்லாவில் தலையைக் கவிழ்த்து அழுதாள். வங்கியில் வரிசை கலைந்தது. மேம்பாலத்துக்குக் கீழே பஸ்ஸை ஓரமாக நிறுத்திவிட்டுக் கண்டக்டர் எல்லாருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். அச்சுக்காரம்மாவின் போன் அடித்தது.

“அம்மா,” என்றாள் மகள். அதற்கு மேல் அவளால் சொல்ல முடியவில்லை. “அம்மா, பார்த்தியா? பார்த்தியா?”

“பார்த்தேன்டி. கையிலதான் வச்சிருக்கேன்.”

“எட்டு மாசப் பிள்ளையும் உள்ளே உதைக்குதும்மா. நான் எழுந்து உட்கார்ந்துட்டேன்.”

அப்போதுதான் கதவு திறந்து டாக்டர் வெளியே வந்தார். முகக்கவசத்தைக் கீழே இறக்கிவிட்டு, யாரைத் தேடுகிறோம் என்று தெரிந்தும் தேடுகிறவர் மாதிரி பெஞ்சைப் பார்த்தார். அச்சுக்காரம்மா போனைக் காதிலிருந்து எடுத்துக்கொண்டு, எழுந்து அவரிடம் போனாள். “குறைஞ்சிருச்சு டாக்டர், நீங்களே பாருங்க” என்று தலையை நீட்டினாள். டாக்டருக்கு வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. கையை நீட்டி அதன் நெற்றியில் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. அந்தக் கை அங்கே இருக்கும்போதே, சொல்ல வேண்டியதைச் சொன்னார். பத்து நிமிடம் ஆகிறது என்றார். செய்யக்கூடியதை எல்லாம் செய்துவிட்டோம் என்றார். அவள் அவருடைய கையைப் பார்த்தாள். இல்லை டாக்டர், இன்னும் இதமாகத்தானே இருக்கிறது என்றாள்.  போனைக் கட் செய்யவில்லை என்பது அவளுக்கு அப்புறம்தான் நினைவு வந்தது. எடுத்துக் காதில் வைத்தபோது மறுபக்கத்தில் மகள் மூச்சு விடுவது கேட்டது.

ஊர் அன்றைக்குச் சந்தோஷப்பட்டதற்காக ரொம்ப நாள் கூச்சப்பட்டது. மிட்டாய் வாங்கிக் கொடுத்த கண்டக்டர் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. எல்லாரும் அவரவர் வீட்டுத் தலை ஆறிப்போகும் என்று காத்திருந்தார்கள். அது ஆறவில்லை. மறுநாளும் அதே சூடு, அடுத்த வாரமும் அதே சூடு. மத்தியானத்தில் ஏறவில்லை, காலையில் இறங்கவில்லை. நல்ல ஆரோக்கியமான ஒரு மனிதனுக்கு இருக்க வேண்டிய அளவில் அப்படியே நின்றுவிட்டது. மாடியில் கண்ணாடிக்குள் இருக்கும் அசல் என்றைக்கும் போலக் குளிர்ந்தே இருந்தது. நகலைத் தொட்டுப் பழகியவர்கள் போய், காவலர் பார்க்காதபோது கண்ணாடியில் கையை வைத்துப் பார்த்து ஏமாந்து வந்தார்கள். காப்பாட்சியர் யோசித்து யோசித்து, கடையில் நகலோடு அட்டைப் பெட்டிக்குள் வைக்கிற துண்டுச் சீட்டில் ஒரு வரி சேர்த்தார்: முன்பு வாங்கியவற்றுள் சிலவற்றில் இயல்பான உடற்சூடு இருக்கலாம், அது குறையன்று. அச்சுக்காரம்மாவின் பேத்தி குறை மாதத்தில் பிறந்து, எடை போதாமல், கொஞ்ச காலம் சூட்டுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டியவளாக இருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் மகள் அவளை எங்கே படுக்க வைத்தாள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அச்சுக்காரம்மா வேலைக்குத் திரும்பினாள். அலமாரியில் இருந்த தலைகளை எல்லாம் உரியவர்களுக்கே அனுப்பிவைத்தாள், துணிப்பையில் இருந்ததையும் சேர்த்து. வீட்டில் ஒன்றை வைத்துக்கொண்டால் வேறு வேலை ஓடாது என்று அவளுக்குத் தெரியும். புதுத் தலைகளை வார்த்தாள். வேறொருவர் துணியால் மெழுகு போட்டார். கேட்டு வருகிறவர்களிடம் சூடான தலை இப்போது கிடைப்பதில்லை என்று கடையில் சொல்லிவிட்டார்கள். பழையவை கைமாறுவதும் இல்லை. வீட்டைப் பாகம் பிரித்த இடங்களில் அதற்காகத் தகராறு வந்ததாகக் கேள்வி. தலைகளுக்கு மூக்கு ஒன்றுதான் பலவீனம். கீழே தள்ளினால் முதலில் அதுதான் போகும். அப்படிப் போனால் அச்சுக்காரம்மாவுக்குச் சொல்லி அனுப்புவார்கள். அவள் பசையும் கல் தூளும் உப்புத்தாளும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் ஒட்டிக் கொடுப்பாள்.

மூன்றாவது வருடம், விடாத மழைக்காலத்தில், அதற்கு முன் போயிராத ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். வீட்டுக்காரி தையல் வேலை செய்பவள், இந்த ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவள். முன்பு அந்த வீட்டில் இருந்தவர்கள் தலையை அங்கேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள் போல. அது யாருடைய சூடு என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. சமையலறை ஜன்னலோரத்தில் இருந்தது. அதன் மேல், இரண்டு பக்கமும் தொங்குகிற மாதிரி, ஒரு சின்னப் பிள்ளையின் ஸ்கூல் சாக்ஸ் ஜோடியாகக் காய்ந்துகொண்டிருந்தது.

“வெளியே எதுவுமே காய மாட்டேங்குதுங்க” என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெண் சாக்ஸை எடுக்கப் போனாள்.

“இருக்கட்டும், காயட்டும்” என்றாள் அச்சுக்காரம்மா. “எனக்கு மூக்குதான் வேணும்.”

உடைந்த மூக்கை ஒரு கிண்ணத்தில் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார்கள். பசையைக் குழைத்தாள், இரண்டு பக்கமும் தடவினாள், பொருத்தினாள், வழிந்ததைத் துடைத்தாள். ஒட்டுகிறவரை ஒரு கையால் முன்னாலும் ஒரு கையால் பின்னாலும் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும், அசையக் கூடாது என்றாள். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டாள் தையல்காரி. இந்தக் குளிரில் கொஞ்சம் ஆகும், நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள் என்றாள் இவள். தையல் இயந்திரம் அடுத்த அறையில் ஓடத் தொடங்கியது. பசை ஐந்து நிமிடத்திலேயே பிடித்துவிட்டது. மழை விடும்வரை அவள் கையை எடுக்கவில்லை.